94 என்று காட்டினால் கேபிளைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வீட்டில் நெட் மெதுவாக இருந்தால் என்ன செய்யலாம் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. ரவுட்டரை உயரமான இடத்தில் வையுங்கள், மைக்ரோவேவ் பக்கத்தில் வைக்காதீர்கள், பக்கத்து வீட்டு சேனலோடு மோதாமல் மாற்றுங்கள் என்று வைஃபைக்கு ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டு, கடைசியில் ‘இத்தனையும் வேண்டாம் என்றால் லேன் கேபிள் போட்டுவிடுங்கள், பிரச்சினையே வராது’ என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேபிள் போட்டவன். பிரச்சினை வந்தது. மூன்று மாதம் படுத்தி எடுத்தது.

வீட்டில் 300 எம்பிபிஎஸ் (வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்கிற வேகக் கணக்கு) இணைப்பு. ரவுட்டர் கூடத்தில் இருக்கிறது, என் கம்ப்யூட்டர் உள்ளறையில், நடுவில் சுவருக்குள் பல வருடம் முன்பு இழுத்த ஒரு கேபிள். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 94 காட்டும். காலையில் 94, எல்லோரும் படம் பார்க்கிற இரவு ஒன்பது மணிக்கும் 94, ஊரே தூங்குகிற இரண்டு மணிக்கும் அதே 94. என் மகள் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு போனில் வைஃபையில் டெஸ்ட் போட்டு 260 என்று காட்டுவாள். ‘அப்பா, ஒயர்ல வர்றதுதானே வேகமா இருக்கணும்?’ என்று கேட்டாள். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்குப் போன் செய்தேன். ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னார்கள். செய்தேன். இரண்டாவது முறை போன் செய்தபோதும் அதையே சொன்னார்கள். மூன்றாவது முறை ஆள் அனுப்பினார்கள். வந்தவர் தன் லேப்டாப்பை ரவுட்டரில் நேராகச் செருகி 290க்கு மேல் வருவதைக் காட்டினார், என் அறைக்கு வந்து கம்ப்யூட்டர் பின்னால் எட்டிப் பார்த்தார், ‘லைட் எரியுது சார், கேபிள் நல்லாத்தான் இருக்கு, உங்க கம்ப்யூட்டர்லதான் ஏதோ’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்போது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இப்போது நினைத்தால், அவர் ரவுட்டரில் நேராகச் செருகிக் காட்டியதுதான் அந்த மூன்று மாதத்தில் நடந்த ஒரே உருப்படியான சோதனை. வீட்டுக்குள் வரும்போது வேகம் சரியாக இருக்கிறது, ரவுட்டரிலிருந்து என் மேசைக்கு வருவதற்குள் குறைகிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

அப்புறம் நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். ஆன்டிவைரஸை எடுத்துப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து விண்டோஸையே புதிதாக ஏற்றினேன். நெட்வொர்க் கார்டு ஒன்று வாங்கிச் செருகினேன். 94. கடைசியில், இருக்கிற பிளானை விட வேகமான பிளானுக்கு மாறலாமா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். மாறியிருந்தால் அதற்கும் 94 தான் வந்திருக்கும்.

நான் முதல் நாளே யோசித்திருக்க வேண்டியது அந்த எண்ணைப் பற்றி. நெட் நெரிசலால் மெதுவாகிறது என்றால் எண் ஆடும், ஒரு தடவை 60, ஒரு தடவை 180, ராத்திரி ஆக ஆக இறங்கும், விடியற்காலையில் ஏறும். எந்த நேரத்தில் பார்த்தாலும் 94 இல் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் வழியில் எங்கேயோ 100 எம்பிபிஎஸ் என்று ஒரு கூரை இருக்கிறது. ஏன் 100 காட்டாமல் 94 காட்டுகிறது என்று கேட்பவர்களுக்காக: இந்தக் கடிதத்தை உங்களுக்கு அனுப்பும்போது உறை, முகவரி, தபால்தலை எல்லாம் சேர்த்துத்தானே அனுப்புகிறேன், அந்த மாதிரி கேபிளில் தகவல் துண்டு துண்டாகப் போகிறது, பாக்கெட் என்கிற அந்த ஒவ்வொரு துண்டுக்கும் உறைகள் உண்டு. கம்பியில் 1538 பைட் அளவுக்கு இடம் பிடித்தால் உள்ளே நம் சரக்கு அதிகபட்சம் 1460 பைட்தான். கணக்குப் போட்டால் 100க்குக் கிட்டத்தட்ட 95 வரும், இன்னும் சில சில்லறைக் கழிவு போக 94 என்று திரையில் நிற்கும். ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், இணைப்பில் இதே கணக்கில் 940 வரும். ஸ்பீடு டெஸ்டில் 93, 94, 95 என்று அசையாமல் நின்றால், அல்லது பெரிய ஃபைலை இறக்கும்போது வினாடிக்கு 11 மெகாபைட்டுக்குச் சற்று மேலே வந்து நின்றுவிட்டால், அது 100 எம்பிபிஎஸ் கூரையின் கைரேகை. வேறு எதையும் தேட வேண்டாம்.

அந்தக் கூரை எங்கிருந்து வருகிறது? கம்ப்யூட்டரையும் ரவுட்டரையும் கேபிளால் இணைத்தவுடனே இரண்டும் தங்களுக்குள் ஒரு பேரம் பேசிக்கொள்கின்றன. நான் 1000 வரை போவேன், நீ எவ்வளவு போவாய் என்று கேட்டு, இருவருக்கும் ஒத்துவருகிற அதிகபட்ச வேகத்தில் ஒப்பந்தம் போடும். இதுதான் லிங்க் ஸ்பீடு. இணையத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, மோடம் ஒயரைப் பிடுங்கிப் போட்டாலும் லிங்க் ஸ்பீடு காட்டும். விண்டோஸில் செட்டிங்ஸ் போய், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதற்குள் ஈதர்நெட் (கேபிள் வழி இணைப்புக்கு அதுதான் பெயர்) என்று போனால் கீழே லிங்க் ஸ்பீடு என்று ஒரு வரி இருக்கும். 1000/1000 என்று இருந்தால் ஜிகாபிட், 100/100 என்று இருந்தால் அதுதான் கூரை. லினக்ஸ்காரர்களுக்கு இதையே காட்டுகிற ‘ஈத்டூல்’ கட்டளை தெரிந்திருக்கும். பார்க்க அரை நிமிடம். மூன்று மாதத்தில் ஒருவர்கூட அந்த அரை நிமிடத்தைச் செலவழிக்கச் சொல்லவில்லை. என் திரையில் 100/100 என்று இருந்தது. ரவுட்டரும் ஜிகாபிட், கார்டும் ஜிகாபிட், அப்புறம் ஏன் 100?

லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடிகள்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. 1995 இல் வந்த 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டுக்கு இதில் இரண்டு ஜோடி போதும், ஆரஞ்சும் பச்சையும். பிளக்கின் 1, 2, 3, 6 ஆகிய நான்கு கால்கள் மட்டும் வேலை செய்யும். மற்ற நான்கும் சும்மா இருக்கும். 1999 இல் தரப்படுத்தப்பட்ட ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும், எட்டுக் கம்பியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரே ஒரு கம்பி அறுந்திருந்தாலும் ஜிகாபிட் கிடையாது. பேரம் பேசுவது ஆரஞ்சு, பச்சை வழியாகத்தான் நடக்கிறது என்பதால் இரண்டு கருவிகளும் 1000 என்று ஒப்புக்கொண்டு, ஓட்டிப் பார்த்து, ஓட முடியாமல் போய், பிறகு சத்தம் போடாமல் 100க்கு இறங்கிவிடும். இப்படி இறங்கத் தெரியாத சில கருவிகளும் உண்டு, அவற்றில் இணைப்பு வந்து வந்து போகும், அல்லது வரவே வராது. அப்படி வராமல் போனால்கூடத் தேவலை, ஏதோ கோளாறு என்று அன்றைக்கே தெரிந்துவிடும். இந்த இறங்கிவிடுகிற புத்திசாலிக் கருவிகளால்தான் தொல்லை. லைட் எரியும், நெட் வரும், பத்தில் ஒரு பங்கு வேகத்தில் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லாது.

லிங்க் ஸ்பீடு 100 என்று தெரிந்த பிறகு தேடுவது சுலபம், பாதி பாதியாகப் போக வேண்டும். மேசையிலிருந்து சுவர் வரை இருக்கிற சின்னக் கேபிளை மாற்றினேன். 100 தான். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய் அதே சின்னக் கேபிளால் ரவுட்டரில் நேராகச் செருகினேன். 1000. ஆக, கம்ப்யூட்டர், சின்னக் கேபிள், ரவுட்டர் போர்ட் மூன்றும் சரி, மிச்சம் சுவருக்குள் போகிற கேபிள்தான். சுவரை உடைக்க வேண்டுமே என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது மகள் ரவுட்டர் பக்கத்துப் பிளக்கைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

‘அப்பா, இதுல நாலு ஒயர்தான் இருக்கு.’

அந்தப் பிளக்கை நான் ஐம்பது தடவையாவது கழற்றி மாட்டியிருப்பேன். கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக், உள்ளே எல்லாம் தெரியும். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, அப்புறம் இரண்டு வெற்றுப் பள்ளம், பச்சை, அப்புறம் மறுபடி இரண்டு வெற்றுப் பள்ளம். நீலமும் பழுப்பும் பிளக்குக்கு வெளியே உறையோடு சேர்த்து மடக்கி, மேலே டேப் சுற்றியிருந்தது. டேப் காய்ந்து பிசுபிசுவென்று ஆகியிருந்தது.

அறையில் சுவர்ப் பெட்டியைத் திறந்தேன். அங்கே இரண்டு சாக்கெட் பக்கத்தில் பக்கத்தில்: ஒன்று கம்ப்யூட்டருக்கு, மற்றது பழைய லேண்ட்லைன் போனுக்கு. நீல ஜோடி போன் சாக்கெட்டுக்குப் போயிருந்தது. பழுப்பு ஜோடி எதற்கும் போகாமல் கேபிளைச் சுற்றிச் சுருண்டு கிடந்தது. ஒரே கேபிளில் நெட்டும் போனும் கொண்டுபோயிருக்கிறார் அந்தக் காலத்தில் வேலை செய்தவர். அந்தப் போனை எடுத்துப் பல வருடம் ஆகிறது. இல்லாத போனுக்காக என் நெட்டில் ஒரு ஜோடிக் கம்பி இத்தனை நாளும் ஒதுங்கி இருந்திருக்கிறது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் செய்தபோது வீட்டுக்கு வந்த நெட் 2 எம்பிபிஎஸ். 100 எம்பிபிஎஸ் தாங்குகிற நான்கு கம்பிகளே அதற்கு ராஜபாட்டை, மிச்ச நான்கை வீணாக விடுவானேன் என்று போனுக்குக் கொடுத்திருக்கிறார். இப்படி ஒரே கேபிளைப் பிரித்து இரண்டு கம்ப்யூட்டருக்குக் கொடுப்பதும் அன்றைக்கு வழக்கம்தான், அந்த வேகத்துக்கு அது ஒழுங்காகவே ஓடியது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் கேபிள் இழுத்த வீடு என்றால், சுவர்ப் பெட்டியைத் திறந்து எத்தனை நிறம் இருக்கிறது என்று எண்ணுங்கள் என்றுதான் நான் முதலில் சொல்வேன்.

புது சாக்கெட்டில் எட்டுக் கம்பியையும் அமுக்கினேன், ரவுட்டர் பக்கம் புதுப் பிளக்கைக் கருவியால் அழுத்திப் பொருத்தினேன் (கிரிம்ப் என்பார்கள்). மூன்று பிளக் வீணானது, நாலாவதுதான் சரியாக வந்தது. லிங்க் 1000. டெஸ்ட் 291. அவ்வளவுதான் கதை. ஆனால் இதைச் செய்யப் போய் நான் கற்றுக்கொண்ட சில விஷயங்கள் உண்டு, அதையும் உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கலாம்.

கம்பிகளின் வரிசை முக்கியம். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. பச்சை ஜோடியை நடுவில் பிரித்து 3 இலும் 6 இலும் வைத்திருப்பது பார்க்கக் கோணலாக இருக்கும், அதனால் சிலர் தங்கள் அழகுணர்ச்சிக்கு ஏற்ப ஜோடி ஜோடியாகப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவிடுவார்கள். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி அடுக்கியிருந்தால் எட்டு லைட் எரிகிற சின்ன டெஸ்டர் அதைப் பாஸ் போட்டுவிடும், ஏனென்றால் ஒவ்வொரு கம்பியும் மறுமுனைக்குப் போய்ச் சேர்கிறதா என்று மட்டுமே அது பார்க்கிறது. ஆனால் 3, 6 என்கிற ஜோடிக்கு இப்போது ஒரு பச்சைக் கம்பியும் வேறு நிறக் கம்பியுமாக வந்திருக்கும், அவை ஒன்றோடொன்று முறுக்கியவை அல்ல. முறுக்குதான் இரைச்சலைக் கழிக்கிறது; கிரகாம் பெல் 1881 இலேயே தொலைபேசிக் கம்பிகளை முறுக்குவதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார், அந்த வித்தைதான் இன்றைக்கும். முறுக்கில்லாத ஜோடி பக்கத்துக் கம்பியின் சத்தத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும். ஒரு மீட்டர் கேபிளில் தெரியாது, இருபது மீட்டர் போனால் பாக்கெட் பாக்கெட்டாகத் தொலையும். அதே காரணத்துக்காகத்தான் முனையில் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதே என்கிறார்கள். என்னுடைய முதல் மூன்று பிளக்கும் அங்கேதான் போயின.

இன்னொன்று, கேபிளின் உள்ளே இருக்கிற உலோகம். செம்பு என்று நினைத்து வாங்குகிற பல கேபிள்கள் அலுமினியக் கம்பிக்கு மேலே மெல்லியதாகச் செம்பு பூசியவை. உறையில் ‘சிசிஏ’ என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், போடாமலும் இருப்பார்கள். தரநிலை கேட்பது முழுச் செம்பு. அலுமினியக் கம்பிக்கு மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, இரண்டு முறை வளைத்தால் ஒடியும், சாக்கெட்டில் அமுக்கிய இடத்தில் நாளாக ஆகத் தளரும். வாங்கும்போது பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிடுங்கள். கேபிள் சுருளைத் தூக்கிப் பார்த்தாலே எடை சொல்லும். இதைப் பார்க்காமல் கேட் 7, கேட் 8 என்று கேபிளின் தர வகைப் பெயரில் மயங்கி வாங்குகிறார்கள். ஜிகாபிட்டுக்கு ஒழுங்கான கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை போதும், எதற்கும் இருக்கட்டும் என்றால் கேட் 6. கேட் 7 க்கென்று வரையறுத்த பிளக்கே நாம் பயன்படுத்தும் ஆர்ஜே45 கிடையாது, அப்படியிருக்க ஆர்ஜே45 மாட்டி ‘கேட் 7’ என்று விற்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கேபிளைத் தவிர வேறு கூரைகளும் உண்டு. நடுவில் எங்காவது ஒரு கேபிளிலிருந்து பல கருவிகளுக்கு இணைப்புக் கொடுக்கும் பழைய ஸ்விட்ச் பெட்டி ஒன்று 10/100 என்று எழுதிக்கொண்டு மேசைக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும், அதற்குப் பின்னால் இருக்கிற எல்லாமே 94 தான். 1995 இல் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ‘ஃபாஸ்ட் ஈதர்நெட்’ என்று பெயர் வைத்தார்கள், அந்தப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பெட்டியில் ‘ஃபாஸ்ட் ஈதர்நெட் போர்ட்’ என்று பார்த்து வேகமானது போல என்று வாங்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரவுட்டர் பெட்டியில் 1200 என்று பெரிதாக எழுதியிருப்பதும் இதே மாதிரிதான். வைஃபையின் ஒரு அலைவரிசையில் 300, இன்னொன்றில் 867, இரண்டையும் கூட்டி, கொஞ்சம் மேலே இழுத்து 1200 ஆக்கியது அது, பின்னால் திருப்பிப் பார்த்தால் போர்ட் எல்லாம் 10/100 ஆக இருக்கும் ரவுட்டர்கள் உண்டு. நெட் வந்து நுழைகிற போர்ட்டே 100 என்றால் வைஃபையும் சேர்ந்து 94 இல் நிற்கும். நிறுவனம் கொடுக்கிற மோடத்தில் ஒரே ஒரு போர்ட் மட்டும் ஜிகாபிட்டாகவும் மற்றவை 100 ஆகவும் இருப்பதுண்டு, அது எந்தப் போர்ட் என்று பார்த்துச் செருக வேண்டும். யூஎஸ்பியில் செருகுகிற லேன் அடாப்டரும் அப்படியே, ஜிகாபிட் என்று எழுதியிருந்தாலும் யூஎஸ்பி 2.0 ஓட்டையில் செருகினால் அந்த ஓட்டையின் மொத்தக் கொள்ளளவே 480 தான், நிஜத்தில் 300ஐத் தாண்டுவதே பாடு.

ஸ்மார்ட் டிவிகளில் நிறைய 100 எம்பிபிஎஸ் போர்ட்டோடுதான் வருகின்றன. அதை விட்டுவிடலாம். 4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ் தாராளம், டிவி 94 இல் ஓடினால் ஓடட்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்த மூன்று மாதத்தில் யாரோ சொன்னார்கள் என்று கார்டு செட்டிங்கில் ‘ஆட்டோ’ என்று இருப்பதை எடுத்துவிட்டு ‘100 ஃபுல் டூப்ளெக்ஸ்’ (100 வேகம், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம்) என்று நானே கைப்பட மாற்றினேன். 94 ஆவது வந்துகொண்டிருந்தது, அதற்குப் பிறகு 5, 6 என்று தவழ்ந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. நான் பேரத்தை நிறுத்திவிட்டேன், ரவுட்டர் இன்னும் பேரம் பேசக் காத்திருக்கிறது. பதில் வராததால் எதிர்ப்பக்கம் 100 வேகம் என்பதை மட்டும் மோப்பம் பிடித்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும் என்கிற ஹாஃப் டூப்ளெக்ஸுக்குப் போய்விடுகிறது. தரநிலையே அப்படித்தான் சொல்கிறது. என் கம்ப்யூட்டரோ இஷ்டத்துக்கு இரண்டு பக்கமும் பேசுகிறது. ஒன்றின் மேல் ஒன்று மோதிப் பாக்கெட் எல்லாம் சிதறும். வேடிக்கை என்னவென்றால் பிங் (பதில் வருகிறதா என்று சின்ன பாக்கெட் அனுப்பிப் பார்ப்பது) போட்டுப் பார்த்தால் சுத்தமாக இருக்கும், சின்னச் சின்ன பாக்கெட் மோதாமல் தப்பித்துவிடும், பெரிய ஃபைல் இறக்கும்போதுதான் சாயம் வெளுக்கும். ஜிகாபிட்டுக்குப் பேரம் கட்டாயம். ஆட்டோவை ஆட்டோவாகவே விட்டுவிடுங்கள்.

லிங்க் 1000 என்று காட்டியும் வேகம் வரவில்லை என்றால் அது வேறு கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். விபிஎன் (நம் நெட்டை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் நிரல்) ஓடுகிறதா பாருங்கள். ரவுட்டரில் யாருக்கு எவ்வளவு வேகம் என்று பங்கிடுகிற க்யூஓஎஸ் என்று ஒரு பகுதி இருக்கும், பழைய பிளான் காலத்தில் யாராவது அதில் 50 என்று போட்டு வைத்திருந்தால் புதுப் பிளானிலும் 50 தான் வரும். வரம்பு எதுவும் போடாவிட்டாலும், அதையோ குழந்தைகளுக்கான கட்டுப்பாட்டையோ ஆன் செய்தால் சில ரவுட்டர்களில் வன்பொருள் செய்துகொண்டிருந்த வேலை அதன் சின்ன பிராசஸர் தலையில் விழுந்து மூச்சு வாங்கும். வீட்டில் ஒரு போன் படங்களையெல்லாம் மேகத்துக்கு (இணையத்தில் இருக்கிற கிளவுட் சேமிப்புக்கு) ஏற்றிக்கொண்டிருந்தால் ஏற்றும் வழி அடைத்துக்கொண்டு இறக்குவதும் இழுக்கும். இந்த அடைப்புக்கு 2010 இல் ஜிம் கெட்டிஸ் என்பவர் ‘பஃபர் புளோட்’ என்று பெயரிட்டார், க்யூஓஎஸ்ஸில் ஏற்றும் வேகத்தை உண்மையான வேகத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்தால் பல நேரம் தீர்ந்துவிடும். வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால் ‘ஐபெர்ஃப்3’ என்கிற இலவச நிரலை இரண்டிலும் போட்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓட்டிப் பாருங்கள், 940 வந்தால் உங்கள் கேபிள், ஸ்விட்ச், கார்டு மூன்றையும் சந்தேகப்பட வேண்டியதில்லை, அதன் பிறகு நிறுவனத்துக்குத் தைரியமாகப் போன் செய்யலாம். போன் செய்யும்போது ‘நெட் ஸ்லோ’ என்று சொல்லாதீர்கள், உடனே ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்வார்கள். ‘மோடத்தில் கேபிளை நேராகச் செருகியிருக்கிறேன், லிங்க் 1000 காட்டுகிறது, டெஸ்டில் இவ்வளவுதான் வருகிறது’ என்று சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் குரலே மாறும்.

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு குறை சொல்ல வேண்டும். அதே கட்டுரையில் ஒரு இடத்தில் ‘300 எம்பிபிஎஸ் என்றால் 300 எம்பி படத்தை ஒரு வினாடியில் இறக்கலாம்’ என்று இருந்தது. தவறு. எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு, ஃபைல் அளவு மெகாபைட் கணக்கு, எட்டு பிட் ஒரு பைட். 300 எம்பிபிஎஸ்ஸில் வினாடிக்கு 37.5 மெகாபைட்தான் வரும், அந்தப் படத்துக்கு எட்டு வினாடி ஆகும், உறைக் கழிவெல்லாம் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். சின்னத் தவறு என்று விட்டுவிடலாம்தான், ஆனால் இந்தக் குழப்பத்தில் சரியாக ஓடுகிற இணைப்பை ஓடவில்லை என்று சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் போட்டிருக்கிறேன். திருத்தம் ஒன்று வெளியிடுங்கள்.

கருவி செய்கிறவர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. இரண்டு பக்கமும் ஜிகாபிட் என்று ஒப்புக்கொண்டு, முடியாமல் 100க்கு இறங்கினோம் என்பது அந்தச் சிப்புக்குத் தெரியும். எத்தனை பாக்கெட் கெட்டுப்போய் வந்தது என்று எண்ணிக்கூட வைத்திருக்கிறது. ஆனால் பேட்டரி குறைந்தால் கத்துகிற, அப்டேட் வந்தால் நச்சரிக்கிற கம்ப்யூட்டர் ‘உன் கேபிளில் ஏதோ கோளாறு’ என்று ஒரு வரி காட்டாது. போர்ட்டில் இருக்கிற லைட்டைப் பார்த்துக்கொள் என்பார்கள். ஒரு கருவியில் பச்சை என்றால் 1000, ஆரஞ்சு என்றால் 100, இன்னொன்றில் நேர்மாறு, மூன்றாவதில் இரண்டுக்கும் ஒரே நிறம். அன்றைக்கு வந்தவர் ‘லைட் எரியுது சார்’ என்று சொன்னதில் அவர் தப்பு என்ன இருக்கிறது.

கடைசியாக, பழைய பிளக்கை மகள் தன் மேசை மேல் வைத்திருக்கிறாள், வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டி எத்தனை ஒயர் என்று எண்ணச் சொல்கிறாள். மாடி அறைக்கும் அதே ஆள்தான் அதே நாளில் கேபிள் இழுத்தார். நேற்றுப் போய் டெஸ்ட் போட்டுப் பார்த்தேன், 94. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்